பரிசு கிடைக்காதவர்களின் செயலாளர்

“வணக்கம்மா, மகேஸ்வரன் பேசுறேன். பரிசு வரல, தெரியும்ல? ஆனா ஜட்ஜு உங்களுக்கு ஒண்ணு எழுதியிருக்காரு. பொறுங்க, வாசிக்கிறேன்.”

விருது விழா சனிக்கிழமை முடிந்தால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மகேஸ்வரன் இப்படித்தான் தொடங்குவார். வென்ற ஒன்பது பேரைக் கண்டுகொள்ளவே மாட்டார். “அவங்களுக்கு ஊரே போன் பண்ணும் லா” என்பார். தோற்ற நாற்பத்தொரு பேருக்கும், ஒருவர் விடாமல், அவரே பேசுவார். இதற்காகவே ஆண்டுக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்கிறார்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு லாரி கம்பெனியில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று நேரம் குறிப்பது அவர் வேலை. வானொலியில் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் எங்கள் வட்டாரத் தமிழ் வானொலி விருதுக்குப் பதினோரு ஆண்டுகளாக அவர்தான் செயலாளர். வரும் ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் அறிவிப்பாளர் பெயரையும் நிலையத்தின் பெயரையும் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் எண்ணைப் போட்டு, நடுவர்கள் மூவருக்கும் அனுப்புவார். அந்த மூவரில் நானும் ஒருவன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி ஓடினாலும் திருப்பிவிடுவார். சொந்த மைத்துனர் அனுப்பியதையே திருப்பிய மகராசன். அந்த வருடம் தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து முறுக்கு வரவில்லை என்று மனைவி புஷ்பவள்ளிக்கு இன்னும் வருத்தம்.

மதிப்பெண் தாளில் கடைசியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்: ‘இதில் நன்றாக இருந்தது.’ அதைக் காலியாக விட்டால் தாளை வாங்க மாட்டார். ‘நல்ல முயற்சி’ என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது. “எந்த எடத்துல நல்ல முயற்சி சார்?” என்று கேட்டு உயிரை வாங்குவார்.

இந்த ஆண்டு பதினேழாம் எண்ணுக்கு அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டேன். அன்னாசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பேச்சியம்மாளின் பேட்டி அது. கணவர் இறந்த நாளைச் சொல்லும்போது பேச்சு நின்று, ஆறு விநாடி சத்தமே இல்லை. வானொலியில் இது பெரும் பாவம். நிலையம் படுத்துவிட்டது என்று கேட்பவர் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடுவார். ‘கவனக்குறைவு’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். முப்பது ஆண்டு மைக் முன் உட்கார்ந்தவன் என்ற திமிர் எனக்கு.

மறுநாள் கொட்டும் மழையில், மடிக்கணினியையும் என் தாளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார் மகேஸ்வரன்.

“இன்னொரு வாட்டி கேளுங்க சார்.”

“கேட்டாச்சுய்யா!”

“பரவால்ல, கேளுங்க. நான் ஒரு கப் தே ஓ குடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

இரண்டாம் முறையும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறைதான் காதில் விழுந்தது. அந்த ஆறு விநாடிக்குள் பேச்சியம்மாள் மெதுவாக மூக்கை உறிஞ்சுகிறார். பேட்டி எடுத்த பெண் அடுத்த கேள்வியைத் திணிக்கவில்லை. அந்தம்மா தானாகப் பேசும்வரை சும்மா இருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கட்டத்தை நிரப்பினேன். மதிப்பெண்ணையும் கூட்டலாம் என்று பேனாவை நகர்த்தினால் தாளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அலமாக்! மார்க்கத் தொடாதீங்க சார். அது நேத்தோட பூட்டியாச்சு. ஒருத்தருக்கு மாத்துனா எல்லாருக்கும் மாத்தணும்.”

பதினேழுக்குப் பரிசு இல்லை. மனசு கேட்காமல், அந்தத் திங்கட்கிழமை நானும் அவர் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் பேட்டி எடுத்த பெண்ணின் பெயரைச் சொன்னார். ஷாமளா, யோங் பெங் ஊர்க்காரி. தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, மீதி நேரத்தில் ஓர் இணைய வானொலி. பதிவைக் கொடுக்கும்போதே அவள் சொன்னாளாம்: “மூணு வருசமா பேசுறேன், நல்லாருக்குனு ஒருத்தர்கூட சொல்லல. இதுலயும் ஒண்ணும் வரலனா மைக்க வச்சிடுவேன் அண்ணே.”

“இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அவங்கள பாத்து எழுதுவீங்க சார். பதிவ கேட்டு எழுத மாட்டீங்க.”

போனை மேசைமேல் வைத்து, எனக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். “தெரியும் அண்ணே, வரல” என்றது ஒரு வறண்ட குரல். அவர் என் தாளை எடுத்து வாசித்தார்: “‘அந்தம்மா அழுதபோது இவர் குறுக்கே பேசவில்லை, காத்திருந்தார். முப்பது ஆண்டு மைக் முன் இருந்தும் எனக்கு அது வரவில்லை.’”

“யாரு அண்ணே எழுதுனது?”

“அத சொல்ல முடியாதும்மா.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வியாழக்கெழம இன்னொரு பேட்டி இருக்கு அண்ணே. வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “போறேன். அண்ணே, அம்மா சமைச்சிக்கிட்டு இருக்காங்க. கூப்பிடுறேன், இன்னொரு வாட்டி வாசிக்கிறீங்களா?”

குழாயை மூடும் சத்தம் கேட்டது. யாரோ வேகமாக நடந்து வந்தார்கள்.

“வந்துட்டாங்க அண்ணே. வாசிங்க.”

மகேஸ்வரன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தாளை இரண்டு கைகளாலும் பிடித்து, நேராக நின்று வாசித்தார்.