சீக்ரெட் என்று அடித்த காகிதம்

ஃபோட்டோஸ்டேட் கடையில் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த காகிதத்துக்கு ஒரு சூடு உண்டு, கூடவே லேசாகக் கருகிய மை வாசனையும். லிட்டில் இந்தியாவில் நகைக்கடைகளுக்குப் பின்னால் இருந்த சந்துக் கடையில் அந்தச் சூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மா காய்கறி வாங்கி முடிக்கும்வரை நின்றிருப்பேன். என் வயதுப் பெண்கள் வளையல் கடையில் நிற்பார்கள். நான் பழைய ஏவுகணைகளின் வரைபடங்களை அச்செடுத்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வருகிறதா, சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை, அம்மாவுக்குத் துணிக்கடையில் வேலை. பள்ளி விட்டு வந்தால் தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டில் நானும் மின்விசிறியும்தான். கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் திறந்துகிடக்கும் "வாய்ட் டெக்"கில் பந்து விளையாடும் பிள்ளைகள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை, எனக்கு அப்போதே அவ்வளவு வீம்பு. அந்தத் தனிமையில்தான் இணையத்தில் மாதிரி ராக்கெட் செய்கிறவர்களின் குழு ஒன்று கண்ணில் பட்டது. பழைய காலத்து அசல் ஒன்றை அப்படியே சிறிதாக்கிச் செய்து, திறந்தவெளியில் பறக்கவிடுகிறவர்கள் அவர்கள். அதற்கு இறக்கை எவ்வளவு நீளம், கறுப்புப் பட்டை எங்கே தொடங்குகிறது, எந்த இறக்கைக்கு மட்டும் ஆரஞ்சு வண்ணம் என்றெல்லாம் தெரிய வேண்டும். ராணுவம் பூட்டி வைத்திருந்து, காலம் போனபின் இனி இது ரகசியம் இல்லை என்று வெளியே விட்ட தாள்களில்தான் அதெல்லாம் இருக்கும். அமெரிக்காவில் ஒரு பெரியவர் அந்தத் தாள்களைத் தேடித்தேடிச் சேர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பிவந்தார். எனக்கும் அனுப்பினார். என் வயதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் அனுப்பியதில் ஒன்று, சில முறை சோதித்துவிட்டுக் கைவிட்ட, பெயர்கூட வைக்காமல் எண்ணோடு நிறுத்திவிட்ட ஓர் ஏவுகணை. யாருக்கும் வேண்டாத அதை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அம்மாவின் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் உடம்பாயிற்று, சட்டைப் பெட்டி அட்டை இறக்கையாயிற்று, ஊறவைத்த காகிதக் கூழ் மூக்காயிற்று. பறக்கவிட வழியில்லை, ராக்கெட் மோட்டார் இந்த ஊரில் வெடிபொருள் கணக்கில் வரும், அனுமதி இல்லாமல் தொட முடியாது. இருந்தாலும் அசலில் எத்தனையில் ஒரு பங்கு என்று குழாயின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி, வண்ணம் தீட்டி, தொலைக்காட்சிப் பெட்டிமேல் நிறுத்தினேன். அம்மா அதை "உன் கோபுரம்" என்பாள்.

ஒரு சாயங்காலம் அம்மா மேசையைத் துடைக்கும்போது அந்தக் காகிதங்களைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெரிய எழுத்தில் சீக்ரெட் என்று இருக்கும், அதன்மேல் ஒரு கோடு ஓடும். நகல் எடுத்த நகலில் அந்தக் கோடு மங்கி, மடிப்பு விழுந்த தடம் போலத்தான் தெரியும்.

"என்னடி இது, சீக்ரெட்னு போட்டிருக்கு?"

"அதெல்லாம் அடிச்சிருக்கும்மா," என்றேன், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது மேசை சுத்தமாக இருந்தது. சமையலறை மூலையில் குப்பையைக் கீழே தள்ளும் "சூட்" உண்டல்லவா, அதில் அந்தக் காகிதங்களையெல்லாம் போட்டுவிட்டிருந்தாள். "அரசாங்கப் பேப்பர வீட்டுல வெச்சுக்கிட்டு, போலீஸ் வந்தா யாரு லா பதில் சொல்றது? அப்பாவும் ஊர்ல இல்ல," என்றாள். கீழே ஓடினேன்; குப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அன்று அழுதேன்; மின்னஞ்சலிலிருந்து மறுபடி அச்செடுக்க என் வீம்பு விடவில்லை. எனக்கு இருந்த ஒரே துணை அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் எறிந்தாள் என்று முடிவு கட்டினேன். அதன்பிறகு எங்களுக்குள் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பெரிதாகப் பேச்சு வளரவில்லை, வருடக்கணக்காக.

நான் வளர்ந்து வேலைக்குப் போனேன். அப்பா இறந்தபின் அம்மா பாசிர் ரிஸில் சின்ன வீடு ஒன்றுக்கு மாறினாள். அமெரிக்கப் பெரியவரும் இறந்தார், அவர் நடத்திய இணையத் தளமும் மறைந்தது, என் பழைய மின்னஞ்சல் கணக்கும் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அவர் சேர்த்ததையெல்லாம் மீண்டும் திரட்டக் குழுவில் நாங்கள் சிலர் முயன்றபோது அந்த எண் கொண்ட ஏவுகணையின் தாள்கள் மட்டும் எவரிடமும் இல்லை. மனசு கேட்காமல் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்காட்டினேன்.

"அந்த சீல் அடிச்ச பேப்பரா? நீதானடி சொன்ன, சீக்ரெட்னு அடிச்சிருக்குன்னு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்திரை குத்தினாலும் நம் பேச்சில் அடித்திருக்கிறது. வேண்டாத சொல்லைக் கோடு போட்டு நீக்கினாலும் அடித்திருக்கிறது. பாழாய்ப்போன ஒரு சொல்லுக்காகவா இத்தனை வருடம்!

"கோடு போட்டு அடிச்சிருக்குன்னு சொன்னேம்மா. இனிமே ரகசியம் இல்லன்னு அர்த்தம்."

அம்மா மெதுவாக, "உன் கோபுரம் இங்கதான் இருக்கு. அது உதவுமா?" என்றாள்.

அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். துணி அலமாரிமேல், பிளாஸ்டிக் பை போர்த்தி வைத்திருந்தாள். வீடு மாறும்போது எத்தனையோ சாமான்களைக் கழித்துக்கட்டியவள் அதைத் தன் மடியில் வைத்து டாக்ஸியில் கொண்டுவந்திருக்கிறாள். உள்ளே என் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அம்மா அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து, படத்திலிருந்து பிறந்த ராக்கெட்டைப் பார்த்துத் திரும்பவும் படம் வரைந்தேன். "இந்த ஆரஞ்சு ஒண்ணுல மட்டுந்தானா? நல்லாப் பாரு," என்று அவள் அதட்டிக்கொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் அவளோடு அவ்வளவு பேசிய நாள் வேறு இல்லை. அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அந்தச் சந்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். காகிதத்தின் சூடு தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. வரைபடம் மட்டும் எங்கள் புதிய தளத்தில் இருக்கிறது, "ஒரு சிறுமி செய்த மாதிரியிலிருந்து அளந்தது, கொஞ்சம் முன்பின் இருக்கும்" என்ற குறிப்போடு. அதை வைத்து எங்கோ தூர தேசத்தில் ஒருவர் ராக்கெட் செய்து பறக்கவிட்டு, காணொளி அனுப்பியிருந்தார். பச்சை வயலிலிருந்து அது சீறிக்கொண்டு எழும்பி மேலே போனதும் "அம்மா, பறந்துடுச்சும்மா!" என்று கத்திவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை.

அன்றைக்கே வரைபடத்தை மறுபடி திறந்து, அசலில் இருந்ததுபோல் தலைப்பில் சீக்ரெட் என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டேன். இந்தத் தடவை தடித்த கோடு. கண்ணாடி போடாமல் பார்த்தாலும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.