நான்காவதாக நின்ற பச்சைக் குடம்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கும் கலைக்கூடத்துக்கு உங்களையும் அத்தையையும் கூட்டிப் போனேன் அல்லவா? அங்கே பழைய பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து மேலே விளக்குப் போட்டிருந்தார்களே, அதில் நான்காவதாக நின்ற பச்சைக் குடம் உங்கள் அத்தையுடையது. கழுத்தோரம் கருகிய ஒட்டு இருந்ததே, அது நான் போட்டது. கத்தியைக் காய்ச்சி, உடைந்த பக்கெட் துண்டை உருக்கி இழுத்தேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் ஒழுகவில்லை.

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, கோடையில் நம் தெருவுக்குத் தண்ணீர் லாரிதான். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஹாரன் கேட்டால் ஓடி வருவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. பக்கத்து ரிசார்ட்டில் அறை பெருக்கிக்கொண்டிருந்த அத்தையின் ஒட்டுக் குடத்தை யாரும் தள்ளி வைத்ததில்லை.

ஒருநாள், கலைக்கூடத்தில் அந்தக் குடங்களை வைத்த கலைஞர் வேனில் வந்தார். பழைய குடத்துக்குப் புதுக் குடம் என்றார். அத்தைக்கு மனமில்லை. நான்தான், “யக்கா, இந்த ஒட்டுப் போட்ட குடத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற? குட்து வுடு” என்றேன். கிடைத்த புதுக் குடங்கள் எல்லாம் நீலம். எல்லாம் ஒரே அச்சு.

அடுத்த லாரிக்குத் தெரு நீளத்துக்கு நீலக் குடங்கள். அத்தை ஓடி வந்து, தன்னுடையது என்று நான்காவதைத் தூக்கினார். எதிர்வீட்டுக்காரி பிடுங்கினாள். “இது என்து. உன்து பின்னால கீது. வேலைக்குப் போய்ட்டு வந்து எடத்தத் திருடறியா?”

அத்தை கடைசிக்குப் போனார். அவர் முறை வருவதற்குள் லாரி காலி. வீட்டுக்கு வந்து வெறுங்குடத்தை என் முன்னால் வைத்தார். “தண்ணி போனா போவுது தம்பி. இத்தினி வருசத்துல ஒருத்திகூட என்ன அப்டி கேட்டதில்ல.”

மறுநாளே எல்லோரும் நகப்பூச்சில் அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அத்தை அதற்குப் பிறகு குடத்தைத் தனியாக விடவில்லை. பக்கத்திலேயே வெயிலில் நின்றார். ரிசார்ட் வேலை போனது. முட்டியும் போனது. ஒருநாளாவது நான் மாற்றி நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

கலைக்கூடத்தில் அத்தை வரிசையருகே குனிந்தபோது காவலாளி ஓடி வந்தார். “யம்மா, தொடாதம்மா, நவுந்துடப் போவுது.”

“தொடல நைனா. எனக்கு முன்னாடி யாருன்னு பாக்கறேன்.”

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பச்சைக் குடம் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ள இப்போது ஒரு ஆளையே போட்டிருக்கிறார்கள்.