தோக்கியோ மணியும் அக்காவின் கிழங்குக் காடும்

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம். மலாயாவில், ரெம்பா ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர் தோட்டத்தில், அக்கா வீட்டில் நான் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த நேரம். தின்றுகொண்டிருந்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் அதே கிழங்கு, பொழுது சாய்ந்தால் அதன் இலை.

நான் சிங்கப்பூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவன். குண்டு விழுந்தது, காலேஜை மூடினார்கள், கிடைத்த சைக்கிளை மிதித்து ஊர் வந்து சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் போருக்கு முன்னால் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மச்சானை சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவும் அவளுடைய இரண்டு வயசு மகளும்தான் வீட்டில். நான் சிரம்பானில் நடந்த நிப்போங்கோ வகுப்புக்குப் போய், முதல் ஆளாகத் தேறி, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி ஆகிவிட்டேன். அதனால்தான் என்னை சயாமுக்கு அனுப்பவில்லை. ஜப்பான் பாஷை பேசத் தெரிந்த ஒரே ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வேறு.

ரேஷன் அரிசி குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும் இடத்தில், ஜப்பான் துரை ஓர் அறிவிப்புச் செய்தான். பழைய மரங்களைச் சாய்த்த சரிவில் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம். மாசக் கடைசிக்குள் முழுக்கக் கிழங்கு நட்டு முடித்தால் விளைச்சல் அந்த வீட்டுக்குச் சொந்தம். முடிக்காவிட்டால் நிலத்தைத் தோட்டமே எடுத்துக்கொள்ளும்.

ஆம்பிளை இருக்கிற வீடுகளுக்கு அது நல்ல சேதி. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அக்கா மாதிரி, புருஷனை சயாமுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கிடந்த ஐந்தாறு பெண்களுக்கு அது தூக்கம் கெட்ட சேதி. அந்தத் துண்டு போனால் அடுத்த வருஷம் பிள்ளைக்கு ஊட்ட ஒன்றுமே இருக்காது.

"நெலத்தக் குடுத்தான், சரி. நேரத்த யாருடா குடுப்பா?" என்றாள் அக்கா.

"நேரம் இருக்குக்கா. நீதான் எங்கியோ தொலைக்கிற."

அகப்பை பறந்து வந்தது. குனிந்துகொண்டேன்.

"காலேஜு தொரைக்கு வாயப் பாரு! ஒரு நாளு எம்பின்னாடியே வந்து பாத்துட்டு அப்பறம் பேசு."

சவால் விட்டால் நான் விடுவேனா? மறுநாள் ஆபீசில் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஜப்பான்காரன் வந்ததுமே மலாயாவின் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டான் இல்லையா? ஒன்றரை மணி நேரம் முன்னால். பெரட்டு மணி மட்டும் பழையபடி அதே ஆறுக்குத்தான் அடிக்கும். கடிகாரத்தில்தான் ஆறு, வானத்தில் கும்மிருட்டு. ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, பேர் கொடுத்துவிட்டு, எல்லாரும் அப்படியே நிற்பார்கள். வெளிச்சம் வராமல் மரத்தில் கத்தி வைக்க முடியாது. கோடு ஆழமாகப் போனால் மரம் வீணாகிவிடும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கன்னத்தில் வைப்பான். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்பது. குழந்தைகள் தோளில் தூங்கும், பெண்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள்.

பிறகு பால் வெட்டு. பிறகு ஸ்டோரில் பால் நிறுக்க வரிசை. பிறகு ஆயாக்கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, கிழங்கு வேகக் காத்திருந்து, சாப்பிட்டுவிட்டு மண்வெட்டியோடு சரிவு ஏறும்போது வெயில் சாய்ந்திருக்கும். ஐந்தாறு வீட்டிலும் ஐந்தாறு அடுப்பு, எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அவர்களைப் பிடித்தேன். "ஒங்க எல்லாருக்கும் நான் ஒரு டைம்டேபிள் போட்டிருக்கேன்" என்றேன்.

"அது என்னா தம்பி, திங்கிறதா?" என்று கேட்டாள் கடைசி வீட்டுப் பெரியம்மா. மகன் சயாமில், மருமகள் பிள்ளை பெற்று இரண்டு வாரம். லயத்திலேயே நீளமான நாக்கு அவருக்குத்தான்.

என் திட்டம் இதுதான். பெரட்டில் சும்மா நிற்கும் நேரத்தில் உட்கார்ந்து மரவள்ளித் தண்டை நடவுக் குச்சிகளாக வெட்டிக் கட்டி வைத்துவிடுவது. தனித்தனியாகப் போகாமல், எல்லாரும் சேர்ந்து ஒரு வீட்டுத் துண்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுத் துண்டுக்குப் போவது. ஒருத்தி கொத்த, ஒருத்தி மேடு கட்ட, ஒருத்தி நட. மத்தியானத்துக்கு ஒருத்தி மட்டும் லயத்தில் தங்கி எல்லாருக்கும் ஒரே பானையில் கிழங்கு அவிப்பது.

குச்சிக்குத் தலையாட்டினார்கள். சேர்ந்து நடுவதற்கும் தலையாட்டினார்கள். பானை என்றதும்தான் சிக்கல்.

பெரியம்மா குடத்தைக் கீழே வைத்தார். "ஒரே பானையா? அவுங்க பானையில எங்கூட்டுப் புள்ள சாப்புடணுமா? நல்லா படிச்சிட்டு வந்தே லா!"

"எங்க பானைக்கு என்னா கொறச்சலாம்?" என்று நடுவீட்டுக்காரி இடுப்பில் கைவைத்தாள்.

ஜாதி. லயத்தில் எந்த வீடு எந்தப் பக்கம், யார் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள் என்பதெல்லாம் எழுதாத சட்டம். சாப்பாட்டுக்கே வழியில்லாத காலத்திலும் அது மட்டும் அசையவில்லை. நான் சூடாகி ஒரு லெக்சர் ஆரம்பித்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"பானையே வேணாம் பெரியம்மா. அவுங்கவுங்க கெழங்க அவுங்கவுங்க கொண்டாங்க. காட்டுலயே ஒரு நெருப்பு போட்டுச் சுட்டுக்குவோம். நெருப்புக்கு ஏது ஜாதி? ஒங்க கெழங்குல வேணும்னா ஒரு கோடு கிழிச்சு அடையாளம் வச்சுக்குங்க."

பெரியம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "கோடு நானே கிழிப்பேன்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடுப்பு வேலையும் பாத்திரம் கழுவுவதும் ஒரே வார்த்தையில் மிச்சமாயின. காலேஜில் எந்த புரொபசரும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்.

அடுத்தது துரை. பெரட்டில் யாரும் உட்காரக் கூடாது. அனுமதி வாங்க வேண்டியது என் பொறுப்பு. ஆபீசில் அவன் மேசைக்கு முன்னால் குனிந்து நின்று, மனப்பாடம் செய்திருந்த நிப்போங்கோவில் சொன்னேன். ஆட்கள் இருட்டில் நிற்பதால் நேரம் வீணாகிறது என்று.

அவன் தலை நிமிர்ந்தது. "யாருடைய நேரம்?"

"தோக்கியோ நேரம். நீங்கள் கொடுத்தது. அதை வீணாக்குவது மரியாதை இல்லை."

பளார் என்று ஓர் அறை. கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சிரிப்பை அடக்குகிற மாதிரி மீசையைத் தடவினான். "யோஷி" என்றான். அவர்கள் பாஷையில் அது 'சரி'. கும்பிட்ட பிறகு உட்காரலாம், முதலில் வெட்டுகிற கட்டுகள் தோட்டத்துக் காட்டுக்கு, மீதி அவர்களுக்கு.

வீங்கிய கன்னத்தோடு நான் லயத்துக்குள் நுழைந்ததைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளைகூட அப்படி நடந்திருக்க மாட்டான்.

மறுநாளிலிருந்து எங்கள் பெரட்டே மாறிப்போனது. விளக்குக்கு எண்ணெய் ஏது? மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உருட்டிக் குச்சியில் சுற்றிக் கொளுத்தினோம். அது விட்ட கரும்புகையில் விடிந்தபோது ஒவ்வொருத்தர் மூஞ்சியும் அடுப்புக்கரி. "ஒம் புருசன் இப்ப வந்தா ஒன்னய அடையாளமே தெரியாதுடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள், "வரட்டும் மொதல்ல, மூஞ்சிய அப்பறம் கழுவிக்கிறேன்" என்றாள். சிரித்தார்கள். பிறகு குனிந்து இன்னும் வேகமாகக் குச்சி வெட்டினார்கள்.

வேலை ஓடியது. கடிகாரம் சாயங்காலம் என்று சொல்லி எங்களை விட்டபோதும் வெயில் இன்னும் நிறைய இருந்தது. அடுப்படியில் போய்க்கொண்டிருந்த அந்த வெளிச்சம் முழுக்க இப்போது சரிவில் விழுந்தது. நானும் ஆபீஸ் விட்டதும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டைகளைப் புரட்டினேன். "கிராணி மண்வெட்டி புடிக்கிறத பாருடி, பேனா புடிக்கிற மாதிரியே இருக்கு!" என்று பெரியம்மா தினமும் ஒரு பாட்டம் பாடுவார். அவர் வீட்டுத் துண்டுதான் முதலில் முடிந்தது. ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து அதற்கடுத்தது. அக்கா துண்டை நான் கடைசியில் வைத்திருந்தேன். தன் வீட்டு வேலைக்குத்தான் திட்டம் போட்டான் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தபோது அக்கா குளிர் காய்ச்சலில் விழுந்தாள். சாக்கு, கம்பளி என்று எதைப் போர்த்தினாலும் கட்டில் ஆடியது. அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையைக் கண்ணில் பார்த்தே மாசக்கணக்கு. அக்கா மகள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெளியே மழை ஆரம்பித்தது. அக்காவின் துண்டில் ஒரு குச்சிகூட நடவில்லை.

"நெலம் போச்சாடா?" என்றாள் அக்கா, பல் கிடுகிடுக்க.

என் டைம்டேபிளில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, காய்ச்சலுக்கு மட்டும் இல்லை. மற்றப் பெண்களின் துண்டுகள் முடிந்துவிட்டன. இந்த மழையில் இனி வருவார்களா, அவரவர் வீட்டில் அவரவர் பிள்ளை. யாரையும் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் பெரட்டு மணிக்கு முன்பே, இருட்டோடு அக்கா மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தனியாகப் போய்க் கொத்துவோம், முடிந்தவரை நட்டுவிடுவோம் என்று கிளம்பினேன்.

சரிவில் ஏறினால், மழைக்குள் பந்த வெளிச்சம், ஆள் நடமாட்டம். வாழை இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லாப் பெண்களும் அக்காவின் துண்டில் நின்றார்கள். அவர்களோடு, எங்கள் கூட்டத்தில் சேராத மேல் லயத்து ஆம்பிளைகள் சிலரும். கங்காணிகூட வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை பெற்று ஒரு மாசமே ஆன தன் மருமகளைப் பந்தத்துக்கு முன்னால் உட்கார வைத்துக் குச்சி வெட்டச் சொல்லியிருந்தார் பெரியம்மா.

"எங்கப்பா வர்றே இவ்ளோ லேட்டா? பெரட்டுக்கு ஆப்சென்ட் போட்டுருவேன்!"

"பெரியம்மா, மழை..."

"மழை பேஞ்சா மண்ணு எளகும். கொத்தறதுக்குச் சொகம். நின்னு பாக்காத, அந்தக் கட்டையப் பொரட்டு."

அன்று துரையின் மணி அடித்தபோது எல்லாரும் போய் கும்பிட்டுப் பேர் கொடுத்தார்கள். மழையில் பால் வெட்டு இல்லை என்று மண்டோர் சொன்னான். அவ்வளவுதான், ஒரே ஓட்டமாகச் சரிவுக்குத் திரும்பினோம். மத்தியானம் நனைந்த விறகில் நெருப்புப் பிடிக்கவில்லை. பெரியம்மா லயத்துக்கு இறங்கிப் போனார். திரும்பியபோது தலையில் அவர் வீட்டுப் பெரிய பானை, ஆவி பறக்க அவித்த கிழங்கு. நடுவீட்டுக்காரிக்குத்தான் முதல் துண்டை எடுத்து நீட்டினார். அவளும் வாங்கிக் கடித்தாள். யாரும் எதையும் கவனிக்காத மாதிரி சாப்பிட்டோம். இன்னொரு சட்டி கஞ்சியை ஏற்கெனவே அக்காவிடம் விட்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் பொழுது இறங்குவதற்குள் கடைசிக் குச்சியும் மண்ணில் இறங்கியது. துரை பூட்சோடு வந்து, மேடு மேடாக நடந்து பார்த்தான். ஓர் ஓரத்தில் நின்று இரண்டு குச்சிகளை அசைத்தும் பார்த்தான். ஒன்றும் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. மண்டோரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போனான்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். காய்ச்சல் இறங்கி வேர்த்துக் கிடந்தாள். "நெலம் ஒன்னுதுக்கா!" என்றேன். அவள் மகளைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது.

அந்த வருஷம் எங்கள் லயத்தில் சயாம் வீடு எதுவும் தன் நிலத்தை இழக்கவில்லை. அடுத்த லயத்துக்காரர்களும் எங்களைப் பார்த்துச் சேர்ந்து நட ஆரம்பித்தார்கள். ஜப்பான்காரன் போன பிறகு மச்சான் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, முதலில் சாப்பிட்டது அந்தக் காட்டில் இரண்டாம் முறை நட்ட கிழங்கைத்தான். திரும்பி வராதவர்களும் உண்டு. பெரியம்மாவின் மகன் வரவில்லை. ஆனால் அவருடைய பேரன் கிழங்கு தின்று வளர்ந்து, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் லயத்து வாசலில் என் பேரைச் சொல்லிக் கத்துகிறான்.

காலேஜ் மறுபடி திறந்துவிட்டது. நானும் சிங்கப்பூர் வந்து, பரீட்சை, டியூஷன், வேலை என்று மூச்சு முட்ட டைம்டேபிள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போதும் நான் அதில் கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு எந்த வேலையும் எழுதாமல் விட்டுவைக்கிறேன். அது யாருக்கென்று விடியும்போது எனக்கே தெரியாது, பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர் வந்து அதற்கு உரிமை கொண்டாடாத நாள் இதுவரை இருந்ததில்லை.