நான் பொய்யாகச் சொன்ன எண்

செய்தி வந்தபோது ஒரு பெரியவரை எக்ஸ்ரே பலகை முன்னால் நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் நம் அலுவலகத்துச் செல்வி. "அக்கா, சோணை அண்ணன் போயிட்டாருக்கா. காலையில நெஞ்சு வலின்னாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். வரிசையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் படம் எடுத்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கி உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. அம்புட்டு அலுப்பு.

இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். மேடையில் எனக்கு நாக்கு எழாது, அதனால் எழுதித் தருகிறேன். சோணைமுத்து அண்ணனை உங்களில் பாதிப் பேருக்கு நம் வண்டி நிறுத்தும் சமயநல்லூர் ஷெட்டின் காவலாளியாகத்தான் தெரியும். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நம் காசநோய் முகாம் வண்டியை ஓட்டியவர் அவர். "ஆளு நல்லவருதான், என்ன, கியர்பாக்ஸக் கருக்கிட்டாரு." துஷ்டி வீட்டில் பந்தலுக்கடியில் உட்கார்ந்தும் இதைப் பேசினீர்கள். என் காதில் விழுந்தது. அந்தப் பழி அவருடையது இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வண்டி ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்த டீசல் பிக்கப். கியர் தானாக மாறும். பின்னால் கோர்த்த எக்ஸ்ரே டிரெய்லரோ, சுற்றிலும் ஈயத்தகடு அடித்த கனம். அதை இழுத்துக்கொண்டு போகையில் கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்க ஆரம்பிக்கும். எச்சரிக்கை விளக்கு எரிகிறபோது பாதிச் சேதம் நடந்திருக்கும் என்று சொல்லி, அண்ணன் ஒரு சின்னத் திரையைத் தேடிப் பிடித்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டினார். எண்ணெயின் சூடு அதில் எண்ணாக ஓடும். நூற்றுப் பத்து வரை வெள்ளை, தாண்டினால் சிவப்பு. சிக்கல் என்னவென்றால், ஐம்பதைத் தாண்டிய அண்ணனுக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டாலோ ரோடு மங்கும். ஆகவே பக்கத்து சீட்டில் உட்காரும் நான்தான் படித்துச் சொல்லவேண்டும்.

"எம்புட்டு தாயி?"

"தொண்ணூத்தி ஆறுண்ணே."

எங்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி இதுதான். "இன்ஜின் சூடானா புகையும், ஊருக்கே தெரியும். கியர்பாக்ஸு ஊமை. நாமதான் கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்பார். நூற்றுப் பத்து என்று வாயைத் திறந்தால் போதும், சந்தையோ சுடுகாடோ, ஓரங்கட்டி நியூட்ரலில் போட்டுவிடுவார். இன்ஜினை மட்டும் அணைக்கமாட்டார். வண்டியூர் தெப்பக்குளத்தோரம் ஒரு தடவை அப்படி நின்றபோது நம் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா டீசல்?" என்று கத்தினார். "அணைச்சா எண்ணெய் ஓடாது, சூடு உள்ளேயே நின்னுக்கிரும். ஓடியாந்த மனுசன் உக்காந்தவுடனே மூச்ச நிறுத்திருவானாங்கய்யா?" என்றார் அண்ணன், ரொம்ப மரியாதையாக. டாக்டர் இறங்கிப் போய் இளநீர் குடித்துவிட்டு வந்தார்.

செல்லூரில் நடந்தது இன்னும் வேடிக்கை. முகாமுக்குப் போகிற வழியில், டிரெய்லரைத் திருப்ப ஒரு சந்துக்குள் பின்னுக்குத் தள்ளித் தள்ளி எடுப்பதற்குள் எண் ஏறிவிட்டது. வழியை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். தறிக்கூடத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அண்ணன் இறங்கி, "கோவிச்சுக்காத மாப்ள, இருவது நிமிசம் ஆகும். சும்மாதான நிக்கப் போற, வந்து ஒரு படம் எடுத்துக்க" என்றார். கெட்ட வார்த்தை பேசிய ஆள்தான் முதலில் ஏறினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருத்தருக்கு நோய் இருந்தது. மருந்து சாப்பிட்டு இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். முகாம் பட்டியலில் அந்தச் சந்தே கிடையாது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

சித்திரை வெயில். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் முகாம். காலையிலிருந்து நின்றே வேலை. திரும்பும்போது உசிலம்பட்டியில் ஒரு தடவை, கருமாத்தூரில் ஒரு தடவை, செக்கானூரணியில் ஒரு தடவை நிறுத்திவிட்டார். ஏ.சி.யும் போட விடமாட்டார், அதுவும் வண்டிக்குச் சுமை என்பார். ஈயக் கவசம் போட்ட தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறினோம்.

"எம்புட்டு தாயி?"

திரையில் நூற்றுப் பதினெட்டு. "நூத்தி நாலு" என்றேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்று ஏதாவது இருந்திருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். ஒன்றும் கிடையாது. அலுத்துப்போயிருந்தேன். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கவேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டார். நூற்று இருபத்தாறு. "நூத்தி ஆறு" என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. சமயநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் கருகல் வாடை வந்தது. இன்ஜின் உறுமியது, சக்கரம் நகரவில்லை.

மூன்று மாதம் முகாம் நின்றது. விசாரணையில் அண்ணன் சொன்னது ஒரே வார்த்தை: "கவனிக்கலைங்கய்யா." நான் அடுத்த அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒப்பந்த வேலை, போய்விடுமோ என்ற பயம். நானாக எழுந்து போகவும் இல்லை. அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஷெட் கேட்டில் நாற்காலி போட்டார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம், தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் உள்ளே போனேன். "வாங்க தாயி, சாப்ட்டாச்சா?" என்பார். சாப்பிட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். நான் எப்பேர்ப்பட்ட கோழை என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவேண்டியதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் சம்சாரம் பாண்டியம்மாள் மதினியைப் பார்க்கப் போனேன். அண்ணனுடைய காக்கிச் சட்டைகளை யாருக்குக் கொடுக்கலாம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்த்தா. அன்னைக்கே சொல்லிட்டாரு."

"நான் சொன்னது பொய்னு அண்ணனுக்கு எப்படி மதினி...?"

"அவருக்கு எழுத்துத்தான் தெரியாது. செவப்புகூடவா தெரியாது?"

ஒன்பது வருஷம் அந்தத் திரையைப் படித்தவள், இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"பிறகு ஏன் மதினி அண்ணன் வண்டிய நிறுத்தல?"

"'அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தேன், இன்னொரு தடவ நிறுத்துனா அழுதுரும்போல இருந்துச்சு. கொஞ்ச தூரந்தான, போயிருவோம்னு பாத்தேன்'னாரு." சட்டையை மடித்து வைத்துவிட்டு மதினி சொன்னார்: "எனக்கு ஆத்திரந்தான். வண்டி ஓட்டுன மனுசன கேட்டுல ஒக்கார வச்சிட்டீகளேன்னு. ஒம்மேல மட்டுமில்ல, அவரு மேலயுந்தான்."

நான் தெரிந்து சொன்ன பொய்யை அவர் தெரிந்தே நம்பினார். நூற்றுப் பத்துக்கு மேல் அவர் வண்டி ஓட்டியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதையும் எனக்காக ஓட்டினார். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நாலு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் இடம் வைக்காமல் போய்விட்டார். அவர்மேல் எனக்கு அதில் கோபம்கூட இருக்கிறது.

இனி உங்களில் யாராவது சோணை அண்ணன் பேச்சை எடுத்து, கடைசியில் அந்த கியர்பாக்ஸ் கதைக்கு வந்தால், அந்த இடத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். அண்ணன் விட்டுப்போனதில் நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். இத்தனை நாள் அவர் சுமந்தது போதும்.