நாய் முன்னால் போன ஊர்கள்

நான் வீட்டைவிட்டு ஓடிப்போனதாக அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. அணைத் தண்ணீர் ஓடும் சானல் கரையோடு மேற்கே நடந்துதான் போனேன். ஓடுவதற்கு வயிற்றில் ஒன்றுமில்லை. காலை வெயில் முதுகில் அடித்தது. என் நிழல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த வருடம், அல்லது அதற்கு அடுத்தது. எனக்குப் பதினொரு வயது. அம்மை கண்டு அம்மா போன பிறகு அக்கா வீட்டில் இருந்தேன். அங்கே பானையில் ஐந்து பேருக்குக் கஞ்சி, சுற்றி எட்டுப் பேர். அத்தான் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கஞ்சி ஊற்றும்போது என் கிண்ணத்தைக் கடைசியாக எடுப்பார், அவ்வளவுதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். பேச்சிப்பாறையில் அணை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சந்தையில் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். அணை கட்டி முடிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கரையில் ஒரு தென்னையில் நாய் ஒன்று கட்டிக் கிடந்தது. செம்மண் நிறம். வால் பாதிதான் இருந்தது, மீதியை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தது. பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர், ஓலைத்துண்டில் நாலு மீன் தலை. கயிறு நல்ல கயிறு, முடிச்சும் நல்ல முடிச்சு. இவ்வளவு அக்கறையாகக் கட்டியவன் திரும்பி வருவான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. என்னைப் போலவே அதையும் யாரோ வேண்டாமென்று விட்டுப் போயிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். மீன் தலையில் இரண்டை அது எனக்கு விட்டு வைத்ததாக நினைத்தேன். பிறகு அதையும் தின்றுவிட்டது. முன்னால் ஓடி, நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தது. அந்தத் திருப்பத்தில் அது என் நாய் ஆகிவிட்டது.

முதல் ஊரில் நாலைந்து பையன்கள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாயைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கோலியை அப்படியே போட்டுவிட்டு ஓடிச் சானலில் சாடினார்கள். ஒருவன் சட்டையோடு குதித்தான். தெருவில் கதவுகள் வரிசையாக அடைபட்டன. ஒரு தாய் தன் மகனைக் கோழி மூடும் கூடையால் மூடி, அதன்மேல் உட்கார்ந்து முறத்தில் புடைக்க ஆரம்பித்தாள். முறத்தில் ஒன்றுமில்லை.

சாயாக்கடைக்காரர் மட்டும் நின்றார்.

“ஏலே, ஆளு எங்க?”

“எந்த ஆளு?”

“பின்னால வாறாரா, முன்னாலயே போயிட்டாரா?”

“யாரும் வரல்ல. நான் ஒருத்தன்தான்.”

“நீ வெளங்குவ,” என்று சொல்லிவிட்டு அவரும் கடைக்குள் இருந்த தன் மகளைப் பின்வாசல் வழியாக அனுப்பப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊர் தாண்டியதும் சானலில் குனிந்து என் முகத்தைப் பார்த்தேன். அக்கா வீட்டில் இருந்த அதே முகம். பயப்படும்படி எதுவும் சேர்ந்திருக்கவில்லை. நாய் பக்கத்தில் வந்து தன் முகத்தையும் பார்த்துக்கொண்டது.

இரண்டாவது ஊரில் கிறிஸ்தவர்கள் அதிகம். அங்கேயும் பிள்ளைகள் கோயிலுக்குப் பின்னால் ஓடி, கல்லறைத் தோட்டத்துச் சுவரேறிக் குதித்தார்கள். ஆக, இது சாமி சம்பந்தப்பட்ட காரியம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு பசியைவிட ஆவல் பெரிதாகிவிட்டது. யார் முதலில் பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், எங்கே ஒளிகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே நடந்தேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை.

இடையில் எங்களுக்கு வேறு வேலைகளும் இருந்தன. மடையில் நாய் ஒரு நண்டைப் பிடித்தது. நண்டும் நாயைப் பிடித்தது. மூக்கிலிருந்து நண்டை எடுத்துவிட்டவன் நான். ஒரு தோட்ட விளையில் மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளிதான், பிடுங்கினோம். நாய் தோண்டியது, நான் இழுத்தேன். விளைக்காரர் கம்போடு வந்தபோது இருவரும் ஒரே திசையில் ஓடினோம், அதில் முன்கூட்டிப் பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை. பச்சைக் கிழங்கை மென்றுகொண்டு மாமர நிழலில் படுத்தபோது அது தன் தலையை என் வயிற்றின்மேல் வைத்தது. காலி வயிற்றின் சத்தத்தைக் காதை உயர்த்திக் கேட்டது.

மூன்றாவது ஊர் வந்ததும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். நாயை ஊருக்கு வெளியே பூவரசு மரத்தில் கட்டிவிட்டுத் தனியாகப் போனேன். ஒரு கதவும் அடைபடவில்லை. கடைசி வீட்டு முற்றத்தில் ஒரு பெண் சாணம் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள், நாலு வயதிருக்கும், கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டியவள், என்னிடம் வந்து என் கிழிந்த சட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“எங்கயிருந்து மக்கா வாற?” என்றாள் தாய்.

சொன்னேன். அவள் கை கழுவிவிட்டு உள்ளே போய்க் கஞ்சியும் காணப்பயற்றுத் துவையலும் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும் முன் இன்னொரு அகப்பை ஊற்றினாள். அந்த வருடத்தில் யாரும் எனக்குக் கேட்காமல் இரண்டாவது அகப்பை ஊற்றியதில்லை.

திரும்பிப் போய் நாயை அவிழ்த்துக்கொண்டு அதே தெருவில் வந்தேன். பிள்ளைகள் அலறிக்கொண்டு மேற்கே நெல்லடிக்கும் களத்துக்கு ஓடினார்கள். அந்தத் தாய் என்னைக் கண்டாள், நாயைக் கண்டாள். மகளைத் தூக்கி வைக்கோல்போருக்குள் திணித்துவிட்டு உள்ளே போய்க் கதவை அடைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “கஞ்சியும் குடிச்சிட்டு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கான் பாரு, சவத்துப் பய.”

வைக்கோலுக்கு வெளியே கறுப்புக் கயிறு கட்டிய கால் மட்டும் தெரிந்தது.

குற்றம் நாயுடையது என்று உறுதியாயிற்று. நாய் இருந்தால் கஞ்சி இல்லை, கஞ்சி வேண்டுமானால் நாய் இல்லை. ஊருக்கு வெளியே திரும்பி வந்து, கரையில் உட்கார்ந்து இதை வெகுநேரம் யோசித்தேன். பூவரசு மரமும் கயிறும் பக்கத்திலேயே இருந்தன. இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் நாய், நாம் கிளம்புகிறோம் என்று நினைத்து அந்தப் பாதி வாலை ஆட்டியது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் தாழும் நேரத்தில், குடையும் தகரப்பெட்டியுமாக மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கரையோடு வந்தார். நாய் துள்ளி ஓடி அவர் வேட்டியில் மண்ணை அப்பியது. அது தின்ற மீன் தலைகள் அவர் வைத்தவை என்று அப்போது விளங்கிவிட்டது.

“நாயை அவுத்தது நீயாலே?”

“ஆமா சாரே.”

“எனக்க ஒரு நாளைக் கெடுத்துட்டியே. காலையில இதக் கட்டிப்போட்டுட்டு பார்வத்தியக்காரர் வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அதுக்குள்ள நீ மூணு ஊருக்கும் தண்டோரா போட்டாச்சு. இன்னைக்கு ஒரு கை கெடைக்கல்ல, கேட்டியா.”

அவர் அம்மை நோய் வராமல் தடுக்க அம்மை குத்துகிறவர். சர்க்கார் உத்தியோகம்; கிராம அதிகாரியான பார்வத்தியக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் ஊரில் குத்த முடியும். பெட்டிக்குள் மருந்தும், வட்டமாகப் பல் வைத்த ஒரு சிறு கருவியும் இருந்தன. அதைத் தோளில் வைத்துத் திருகினால் புண்ணாகும், இரண்டு நாள் காய்ச்சல் வரும், பிறகு தழும்பாகும். நாய் எப்போதும் அவருக்கு அரை பர்லாங் முன்னால் ஊருக்குள் போய்விடும். ஊர்களும் அதைப் படித்துவைத்திருந்தன.

நானும் எழுந்து ஓடப் பார்த்தேன். ஆனால் அவர் மடித்த வாழையிலையைப் பிரித்துவிட்டார். உள்ளே புட்டும் பழமும். பாதியை என் பக்கம் தள்ளினார்.

“கையைக் காட்டு.” சட்டையை விலக்கிப் பார்த்தார். தழும்பு இல்லை. “வீட்டுல யாரு உண்டு?”

“அக்கா. எங்கம்மாவ அம்மன் கூட்டிட்டுப் போயிட்டா.”

“இன்னைக்கு ஒரு கையாவது ஆகட்டு,” என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார். நான் கத்தினேன். நாய் என் காலை நக்கியது. புட்டைத் தின்றுவிட்ட பிறகு மறுப்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

பிறகு பேச்சுக்காகத்தான் அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். முதல் ஊரில் சானலில் சாடுகிறார்கள், இரண்டாவது ஊரில் கல்லறைச் சுவர் ஏறுகிறார்கள், மூன்றாவதில் களத்துக்கு ஓடுகிறார்கள், கோழிக்கூடைக்குள் ஒருவன் இருக்கிறான், என்று. அவர் வாய்க்குக் கொண்டுபோன பழத்தை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இம்புட்டும் நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்போ நாளைக்கு நீயும் நாயும் கிழக்கால ஊருக்குள்ள போங்க. நான் களத்துல இருப்பேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “தின்ன நான் தருவேன். நாயும் உன் கூடத்தான். வாறியா?”

அதுதான் நான் பார்த்த வேலைகளிலேயே நாயோடு சேர்த்துக் கிடைத்த ஒரே வேலை. மறுநாள் காலையில் சேர்ந்தேன். மூன்றாவது ஊரிலிருந்து தொடங்கினோம். நானும் நாயும் கிழக்கே நுழைய, பிள்ளைகள் மேற்கே ஓட, களத்தில் குடையை மடித்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். பார்வத்தியக்காரர் அனுப்பிய ஆட்கள் இரண்டு பேர் நின்று பிடித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு கை என்று பிற்பாடு சொன்னார். ஊருக்குள் நின்ற எனக்குக் கூப்பாடு மட்டும் கேட்டது.

கடைசி வீட்டுக் கதவு அடைத்திருந்தது. நாய் நேராக வைக்கோல்போரிடம் போய் மூக்கை நுழைத்து வாலை ஆட்டியது. வைக்கோல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை அவரிடம் எல்லா ஒளிவிடங்களையும் சொன்ன நான், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை. நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன்.

“அந்தப் பக்கம் இனி ஆரும் உண்டா?” என்று கேட்டார்.

“இல்ல சாரே,” என்றேன்.

என் தோள் அப்போது நன்றாக வீங்கி வலித்துக்கொண்டிருந்தது. இந்த வலி வைக்கோலுக்குள் இருந்தவளுக்கு வேண்டாம், இரண்டு அகப்பைக் கஞ்சிக்கு நான் செய்யக்கூடியது இதுதான் என்று நினைத்தபடி, அவருடைய தகரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நாய் அடுத்த ஊரைப் பார்த்து முன்னால் ஓடியது.