அக்காவின் கைப்பிடி

ஆபீசில் கொடைக்கானலுக்கு இரண்டு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். அக்காவிடம் சொன்ன அன்றே கேட்டுவிட்டாள்.

"நான் வரட்டாத்தா?" தங்கச்சி என்னை அவள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

சிவகாசியிலிருந்து பார்த்தால் மேற்கே மலை நீலமாகத் தெரியும். அவ்வளவுதான் அவள் பார்த்த மலை.

அவளைக் கூட்டிப்போக எனக்கு விருப்பமில்லை. அதை நேரே சொல்லவும் வாய் வரவில்லை. எட்டாவதோடு நின்று, தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிகளில் குச்சி அடைத்து, என்னைப் படிக்க வைத்தவள் அவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது ஒரு பிரிண்டிங் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். அங்கே யாருக்கும் அக்காவின் வேலை தெரியாது. அவள் விரல் நுனிகளில் இருக்கும் மருந்துக் கறை எந்த சோப்புக்கும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எந்த ஊர், எத்தனை பிள்ளை, என்ன சம்பளம் என்று கேட்டுவிடுவாள். மேனேஜரின் மனைவி பக்கத்தில் அவள் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன்.

"போக்கர்ல என்னைய ஜெயி. கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சீட்டு மோசமானாலும் பெரிய பந்தயம் வைத்து மிரட்டி அடுத்தவரை விலக வைக்கலாம். ரம்மி மட்டுமே தெரிந்த அக்காவுக்கும் மச்சானுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்கா வீட்டில் பாயை விரித்துவிடுவோம். காசு கிடையாது. கம்பெனியில் கழித்துப்போட்ட, மருந்து முக்காத வெறும் தீக்குச்சிதான் பந்தயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கொடியில் ஊதா நிற ஸ்வெட்டர் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, துவைத்தும் போட்டிருந்தாள்.

அக்கா குச்சி மூட்டைக்குள் கையை விட்டு மூன்று பிடி அள்ளி ஆளுக்கொன்றாக வைத்தாள். ஒரு பிடி ஐம்பது. மச்சான் வழக்கம்போல எண்ணிப் பார்த்தார்.

"நாப்பத்தொம்பது! ஒண்ணு குறையுதுடி. ஒங் கம்பெனில இப்படித்தான் ஏமாத்துறீகளா?"

"காலத் தூக்குங்க."

அவர் தொடைக்கு அடியில் ஒரு குச்சி கிடந்தது.

ஒரு மணி நேரத்தில் மச்சான் குச்சியெல்லாம் தோற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டார். "படிச்ச பிள்ளகிட்ட ஆடுனா வேட்டியும் மிஞ்சாது" என்றார். அவருடைய குச்சிகளில் பெரும்பங்கு அக்காவிடம்தான் போயிருந்தது. அவளுக்கு முன்னால் தொண்ணூறுக்கு மேல் குவிந்திருந்தது. "அங்கன குளிரு எம்புட்டுத்தா இருக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அவள் ஜெயித்துவிடுவாள் போலிருந்தது. அப்போதுதான் அவள் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

நல்ல சீட்டு விழுந்தால் அவள் குச்சியை எண்ணுவதில்லை. கை தானாகப் போய், வேண்டியதை ஒரே பிடியில் எடுத்து நடுவில் வைக்கும். இருபது வருடமாகப் பெட்டி அடைத்த கை. ஆனால் சீட்டு சரியில்லாமல் மிரட்டிப் பார்க்கும்போது ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு குச்சியாக எண்ணி வைத்தாள். பொய் சொல்லும்போது மட்டும் அந்தக் கைக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விடும்.

அதன்பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பிடியாக எடுத்தால் சீட்டைக் கீழே போட்டு விலகினேன். எண்ணினால் நானும் அத்தனை குச்சி வைத்து விடாமல் கூடவே போனேன். குச்சிகள் என் பக்கம் வந்தன. மச்சானுக்குக்கூட உறைத்துவிட்டது. "பாவம், ஒரு ஆட்டம் விட்டுத்தான் குடேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மச்சான்."

கடைசி ஆட்டத்தில் என் கையில் இரண்டும் ஒன்பது, ஒரு ஜோடி. நடுவில் ராஜா, ராணி என்று பெரிய சீட்டுகளாகக் கிடந்தன. யாரும் பயந்து விலகக்கூடிய ஆட்டம். அக்கா கொடிப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தன்னிடம் மிச்சமிருந்ததை எண்ணத் தொடங்கினாள். இருபத்திரண்டு குச்சி. ஒவ்வொன்றாக, உதடு அசைய எண்ணி, எல்லாவற்றையும் நடுவில் வைத்தாள். நான் முழுவதும் எண்ணி முடிக்க விட்டேன். அப்புறம் என் இருபத்திரண்டை வைத்தேன்.

அவளிடம் நாலும் ஏழும் இருந்தன. எதனோடும் சேரவில்லை.

அன்று நான் நன்றாகத்தான் ஆடினேன். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அக்கா குச்சிகளை மூட்டைக்குள் போட்டுக்கொண்டே, "எங் கையவே பாத்துக்கிட்டு ஆடுன, என்ன?" என்றாள்.

நான் சீட்டுக் கட்டை அடுக்கினேன்.

"வர வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா இருந்துக்கிருவேன்லத்தா."

"ஆட்டம்னா ஆட்டந்தான்க்கா. நீதான ஒத்துக்கிட்ட."

தலையை ஆட்டினாள். எழுந்துபோய் ஸ்வெட்டரைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னத்தா, போகலையா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"எங் கம்பெனில லீவு குடுக்க மாட்டேன்னுட்டாகக்கா. இவ அம்புட்டுக் கூப்புட்டா, பாவம்."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் அவள் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் ஸ்வெட்டர் மடிப்புக்குள் இருந்தன.