ஐஸ் மண்டபத்தில் ஏற்றிய விளக்கு

ஓய்வு பெறும்வரை, நகரசபையின் சறுக்கு விளையாட்டு ஐஸ் மண்டபத்தை வாடகைக்கு விடும் பிரிவில்தான் இருந்தேன். பனித்தளத்தின்மேல் பலகை பரப்பிவிட்டால் அது கச்சேரி மண்டபம். பாதங்கள் மட்டும் குளிரும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு அதை எடுத்துத் தரச்சொல்லி, சங்கச் செயலாளர் புறநகரான ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலேறி என் வீட்டுக்கே வந்தார்.

விண்ணப்பக் காலம் முடிந்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது முடிந்த பிறகுதான் தொடங்கும். மண்டபத்துக்கு இப்போது பொறுப்பாக இருப்பவர் என்னோடு நெடுங்காலம் வேலை செய்தவர். யாரோ விலகியதால் ஒரு சனிக்கிழமை காலியாக இருந்தது. அவரிடம் முதல்முறையாக ஒரு சலுகை கேட்டேன். ஒரே நிபந்தனை விதித்தார்: நெருப்பு கூடாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும், எடுக்க நேரமில்லை. நான் வாக்குக் கொடுத்தேன்.

"குத்துவிளக்குக்கு பற்றரி பல்ப்தான். விளங்குதோ?" என்றேன் செயலாளரிடம்.

"ஓம் அண்ணை, நான் என்ன சின்னப்பிள்ளையே?"

விழாவன்று பட்டுச்சேலைக்கு மேல் குளிரங்கி போட்ட கூட்டம். மங்கள விளக்கேற்ற என்னைத்தான் முதலில் அழைத்தார்கள். மேடையேறினால் செயலாளர் எரியும் மெழுகுதிரியை நீட்டுகிறார். விளக்கில் எண்ணெயும் திரியும்.

"இதென்ன காணும்?"

"பல்ப் ஏத்தினா பகிடி பண்ணுவினம் அண்ணை. ஒரு நிமிசம்தானே. சனம் பாக்குது, பிடியுங்கோ."

ஊதி அணைத்தேன். முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ, மனுசனுக்கு விசரே!" என்றாள். செயலாளர் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துத் தானே ஏற்றினார். கைதட்டல் ஓய்வதற்குள் பொறுப்பாளர் மேடைக்கு வந்து, ஈரத்துணியால் திரிகளை அணைத்துவிட்டு, யார் அனுமதித்தது என்று கேட்டார்.

செயலாளரின் நோர்வேஜிய மொழி என்னுடையதைவிட அழகானது. "இவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தவர். சின்ன விளக்குதானே, பரவாயில்லை என்று இவர்தான் சொன்னார்" என்றார் சிரித்துக்கொண்டே.

மறுத்தேன். பழைய அலுவலகத்தின் விதி தமக்குப் பொருந்தாது என்று நினைக்கும் ஓய்வுபெற்றவர்களை நானும் பொறுப்பாளரும் நிறையப் பார்த்திருக்கிறோம். நானும் அவர்களில் ஒருவனாகிவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் செயலாளர் தொலைபேசியில் வந்தார். "கோவிக்காதையுங்கோ அண்ணை. விழா திறம். அடுத்த வருசத்துக்கும் ஒருக்கா அவரோடை கதையுங்கோவன்."

வைத்துவிட்டுப் பொறுப்பாளரை அழைத்தேன், நடந்ததை விளக்க. மண்டபம் பற்றிய கேள்விகளுக்கு நகரசபையின் பொது எண்ணை அழைக்கும்படி மரியாதையாகச் சொன்னார். எங்கள் பிரிவில் எப்படிப்பட்டவர்களிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வோம் என்று எனக்குத் தெரியும்.